கோயிலைப் பெருப்பிப்பதும் திருத்துவதும்: வன்னிப் பங்குகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எங்கே கட்டடக் குழு கூடினாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் எழுகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறோம். கத்தோலிக்கப் பங்குகளை மனதில் வைத்து எழுதியது. மற்றச் சபையினர் ஆயர் இல்லம் என்று வருமிடத்தில் தங்கள் சபைத் தலைமையை வைத்து வாசிக்கலாம். கல்லும் சாந்தும் எல்லோருக்கும் ஒன்றுதான். அளவுகளை அடியிலும் அங்குலத்திலும் தந்திருக்கிறோம், மேசன்மார் பேசுவது அதில் என்பதால்.

1. எங்கட கோயிலுக்குள்ள 150 பேர்தான் இருக்கலாம். திருவிழாவுக்கு 600 பேர் வருகினம். எவ்வளவு பெருப்பிக்க வேணும்?

திருவிழாக் கூட்டத்துக்குக் கட்ட வேண்டாம். வருடத்தில் இரண்டு மூன்று நாளுக்காகக் கட்டிய இடத்தை மிச்சக் கிழமைகள் எல்லாம் கூட்டித் துடைத்து, கூரை பார்த்து, வெள்ளையடித்துக் காப்பாற்ற வேண்டும். திருவிழா, நத்தார், பெரிய கிழமை இல்லாத நான்கு ஞாயிறுகளில் தலை எண்ணுங்கள். வெளியே வேப்பமரத்துக்குக் கீழ் நிற்பவர்களையும் சேருங்கள். நான்கில் கூடிய எண்ணிக்கையோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால் அதுதான் நீங்கள் கட்ட வேண்டிய அளவு.

வாங்கில் ஆளுக்கு 20 அங்குலம், வாங்குக்கு வாங்கு 3 அடி. நடைபாதையையும் சேர்த்தால் ஆளுக்கு 7½ சதுர அடி வரும். 60 அடி நீளம், 24 அடி அகலக் கோயிலில் பீடத்துக்கு 12 அடி போனால் மிச்சம் 1152 சதுர அடி. அதுதான் உங்கள் 150 பேர். இரண்டு பக்கமும் 10 அடி அகல விறாந்தையை 48 அடி நீளத்துக்கு இறக்கினால் 960 சதுர அடி கூடும். வாங்கு போட்டால் மேலும் 125 பேர் இருக்கலாம், பாய் விரித்தால் 190 பேர் மட்டில். திருவிழாவுக்கு விறாந்தையை ஒட்டி மட்டமான முற்றம் விடுங்கள். பந்தல் கால் நட 2 அங்குல இரும்புக் குழாய்த் துண்டுகளை 10 அடிக்கு ஒன்றாக நிலமட்டத்தில் கொங்கிறீற்றில் புதைத்து மூடி போட்டுவிட்டால், ஒவ்வொரு வருடமும் முற்றத்தைக் கிண்ட வேண்டியதில்லை.

2. நீட்டுறதோ அகலமாக்கிறதோ நல்லம்?

பெரும்பாலும் அகலமாக்குவதுதான். முன்பக்கம் நீட்டினால் முகப்பை இடிக்க வேண்டும். பின்பக்கம் நீட்டினால் பீடத்தை நகர்த்த வேண்டும் (அது 16ஆம் கேள்வி). 80 அடிக்கு மேல் போனால் பின்வாங்கில் இருப்பவருக்குப் பூசை வைப்பவரின் முகம் தெரியாது. பக்க விறாந்தை என்றால் பழைய கோயில் அப்படியே நிற்க, வெளியே வேலை நடக்கும். ஞாயிறு பூசையும் தடைப்படாது. சுவர் வெட்டும் சில கிழமைகளுக்கு மட்டும் கொட்டில் போட்டால் காணும்.

உள்ளே மாடி போடும் யோசனையையும் சிலர் கொண்டுவருவார்கள். பழைய அத்திவாரத்தில் மாடியை ஏற்ற முடியாது, தனித் தூண் வேண்டும். வயதானவர்கள் ஏறவும் மாட்டார்கள்.

3. சுவாமி ஓமெண்டா காணாதோ? இன்னும் ஆரிட்ட அனுமதி எடுக்க வேணும்?

சுவாமியின், அதாவது பங்குத்தந்தையின், சம்மதம் மட்டும் காணாது. திருச்சபைச் சட்டத்தின் 1215ஆம் இலக்கப்படி, ஆயரின் எழுத்துமூலமான இசைவில்லாமல் கோயில் கட்டக்கூடாது. கட்டும்போதும் திருத்தும்போதும் நிபுணர் ஆலோசனை பெற வேண்டும் என்கிறது 1216. மன்னார், வவுனியா மாவட்டங்கள் 1981இல் உருவான மன்னார் மறைமாவட்டத்தில் அடங்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவு யாழ்ப்பாண மறைமாவட்டத்தில். வரைபடத்தோடும் மதிப்பீட்டோடும் முதலில் அங்கே போங்கள்.

அதன் பிறகு பிரதேச சபை அல்லது நகர, மாநகர சபை. நில அளவைப் படம், காணி உறுதிப் பிரதி, தகைமையுள்ளவர் ஒப்பமிட்ட கட்டட வரைபடம், கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றோடு விண்ணப்பியுங்கள். வழிபாட்டிடங்கள் கட்டுவது பற்றி 2008இல் வந்த அமைச்சுச் சுற்றறிக்கையைக் காட்டி மேலதிக அனுமதி கேட்கும் அலுவலகங்கள் உண்டு. உங்களுடையது ஏற்கனவே இருக்கும் கோயிலின் விரிவாக்கம் என்பதற்குச் சான்றாகப் பழைய புகைப்படம், திருமுழுக்குப் பதிவேட்டின் முதல் பக்கப் பிரதி, பழைய மின்கட்டணச் சிட்டை ஆகியவற்றை இணைத்துவிட்டால் அலைச்சல் குறையும். கடற்கரையில் இருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணும் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். நூறு வருடம் தாண்டிய கோயில் என்றால் ஒரு கல்லை அசைக்கமுதல் தொல்பொருள் திணைக்களத்திடம் எழுதிக் கேளுங்கள். வேலை முடிந்ததும் சி.ஓ.சி. என்று சொல்லும் இணக்கச் சான்றிதழை எடுக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். மின் இணைப்பைக் கூட்டும்போதும் அடுத்த கட்ட வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அது தேவைப்படும்.

4. காணி உறுதி இடம்பெயர்வில துலைஞ்சு போச்சு. என்ன செய்யலாம்?

உறுதி பதிவு செய்யப்பட்டிருந்தால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். இலக்கம் தெரியாவிட்டால் காணியின் பெயர், எல்லைகள், மறைமாவட்டத்தின் பெயர் ஆகியவற்றை வைத்துத் தேடச் சொல்லுங்கள். ஆயர் இல்லத்திலும் பிரதி இருக்க வாய்ப்புண்டு.

குடியேற்றத் திட்டக் காணியில் இருக்கும் சிற்றாலயங்களில்தான் சிக்கல் கூட. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியில், அந்தக் குடும்பம் வாய்வார்த்தையாகக் கொடுத்த துண்டில் கோயில் நிற்கும். அதில் நிரந்தர வேலை தொடங்கவே வேண்டாம். பிரதேச செயலாளர் ஊடாகக் கோயில் துண்டைப் பிரித்து அளந்து, கோயிலின் பெயருக்கு மாற்றிய பிறகே அத்திவாரம் வெட்டுங்கள். மாதக்கணக்கில் இழுபடும், ஆனாலும் காத்திருங்கள். கட்டிய பிறகு வரும் வழக்கு சமூகத்தையே இரண்டாக்கிவிடும்.

5. எந்த மாதம் தொடங்கினால் நல்லம்?

மாசியில் அத்திவாரம், ஆவணி முடியக் கூரை (மாசி என்றால் பெப்ரவரி, ஆவணி என்றால் ஓகஸ்ட்; எல்லாம் ஆங்கில மாதக் கணக்கில்). ஐப்பசி தொடங்கினால் வாடைமழை. அதற்குள் கூரை ஏறாத சுவர் மார்கழி முழுவதும் நனையும். சித்திரையில் பின்னேர இடிமழை வரும் என்பதால் வெட்டிய குழியைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வேலையாட்களின் கணக்கும் உண்டு. மாசி, பங்குனியில் காலபோக அறுவடை. கூலிக்கு ஆள் கிடைப்பது கடினம், ஆனால் நெல் விற்றதும் பங்கில் காசு சேரும் காலமும் அதுதான். ஆடி 2, ஆவணி 15 மடுத் திருவிழாக்களை ஒட்டி மேசனும் வரமாட்டார், வாகனமும் கிடைக்காது. கொங்கிறீற் போடும் நாளை அந்தக் கிழமைகளில் வைக்காதீர்கள்.

6. பழைய சுவர் சண்டைக்குப் பிறகு கூரையில்லாமல் கனகாலம் நிண்டது. அதை வைச்சுக் கட்டலாமோ?

பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் எப்படிப் பார்ப்பது என்று சொல்லலாம். சிறிய சுத்தியலால் சுவர் முழுக்கத் தட்டுங்கள். பொள்ளென்று கேட்கும் இடத்தில் பூச்சு விட்டிருக்கிறது. அங்கே பூச்சை உடைத்து உள்ளே கல்லைப் பாருங்கள். வெடிப்பு ஓடும் இடத்தில் வெறுங்கல் தெரியச் சுரண்டி, வெடிப்புக்குக் குறுக்காக 3 அங்குல நீளச் சாந்துப் பொட்டு வைத்து அதில் திகதியைக் கீறிவிடுங்கள். ஆவணியில் வைத்துத் தை முடியப் பாருங்கள். பொட்டு வெடிக்காவிட்டால் அது பழைய வெடிப்பு, அடைத்துப் பூசலாம். பொட்டும் வெடித்திருந்தால் அத்திவாரம் இன்னும் அசைகிறது.

தீப்பிடித்த கோயில் என்றால் தூணும் பீமும் தனியாகக் கவனிக்க வேண்டியவை. கொங்கிறீற்றை ஒரு துண்டு கொத்திப் பார்த்தால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று கவனியுங்கள். 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிய கொங்கிறீற் பெரும்பாலும் அப்படி நிறம் மாறும், பலமும் குறைந்திருக்கும். மேலே பூசி மறைத்தால் பார்வைக்குப் புதுத் தூண், தாங்குவதற்கு ஆகாது. பொறியியலாளர் ஒருவர் வந்து பார்க்காமல் அந்தத் தூணில் கூரை ஏற்றாதீர்கள்.

7. எங்கட பக்கம் கறுத்த மண். கோடையில கை போகிற அளவுக்கு வெடிக்கும். வழக்கமான அத்திவாரம் காணுமோ?

காணாது. முருங்கனைச் சுற்றிக் கிடக்கும் இந்தக் களிமண் ஒருகாலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கே ஏற்றப்பட்டது. மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். செம்மண் நிலத்தில் நிற்கும் இரண்டரை அடிக் கருங்கல் அத்திவாரம் இதில் வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். யன்னல் மூலையில் இருந்து சாய்வாக வெடிப்பு வரும்.

இங்கே தூண் அத்திவாரம்தான் ஏற்றது. ஈரம் மாறாத ஆழத்துக்குப் போக வேண்டும், 5 அடிக்குக் குறையாமல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான ஆழத்தைச் சோதனைக் குழி வெட்டிப் பார்த்துப் பொறியியலாளர் சொல்லட்டும். தூண்களை இணைக்கும் நில பீமுக்குக் கீழே 3 அங்குல வெற்றிடம் விடுங்கள். மண் ஊதும்போது பீமைத் தள்ளாது. நிலத்தளத்துக்குக் கறுத்த மண்ணை 3 அடி எடுத்துவிட்டுக் கிறவல் போட்டு, 6 அங்குலப் படையாக நனைத்து இடியுங்கள். வெட்டி எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு நிரப்பும் வழக்கம் இருக்கிறதே, அதுதான் தளம் வெடிக்க முதற்காரணம். சுவரைச் சுற்றி 4 அடி அகலத்துக்குச் சீமெந்துத் தளம் போட்டு வெளிச்சாய்வு கொடுத்தால் மழைநீர் அத்திவாரத்தடியில் இறங்காது.

8. புதுச் சுவரைப் பழைய சுவரோட பூட்டிக் கட்டினால் உறுதிதானே?

இல்லை, இதில்தான் கனபேர் பிழைவிடுகிறார்கள். பழைய சுவர் இறங்க வேண்டிய அளவு எப்போதோ இறங்கிவிட்டது. புதுச் சுவர் முதல் இரண்டு மழைக்குள் சற்று இறங்கும். இரண்டையும் பல் வைத்துக் கோர்த்தால் இறங்கும் சுவர் நிற்கும் சுவரை இழுக்கும். சந்தியில் மேலிருந்து கீழ்வரை வெடிக்கும். எத்தனை முறை பூசினாலும் அதே கோடு திரும்ப வரும்.

அத்திவாரத்தில் இருந்து கூரைவரை 1 அங்குல இடைவெளி விடுங்கள். அதில் ரெஜிபோம் (வெள்ளை நுரை) பலகை வைத்து, வெளிப்பக்கம் இளகும் பசை அடைத்து, மேலே ஒரு பக்கம் மட்டும் ஆணி அடித்த அலுமினியப் பட்டியால் மூடுங்கள். இரண்டு பக்கமும் ஆணி அடித்தால் இடைவெளி விட்டதன் பயன் போய்விடும். தளத்தில் ஓடு பதிக்கும்போதும் அதே கோட்டில் ஓடு முடிய வேண்டும், குறுக்கே போகக் கூடாது.

9. விறாந்தைக்குப் போகப் பக்கச் சுவரை வெட்ட வேணும். கூரை விழாதோ?

ஒழுங்காகச் செய்தால் விழாது. அவசரப்பட்டால் விழும், ஆளும் போகும். கேட்பவர்களிடம் இந்தப் பதிலை மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லுகிறோம்.

திறப்பு 6 அடிக்கு மேல் வேண்டாம்; இரண்டு திறப்புக்கு இடையே 3 அடிச் சுவராவது தூண்போல நிற்க வேண்டும். ஐந்து திறப்பு என்றால் 1, 3, 5 முதலில். அவை முடிந்து இறுகிய பிறகே 2, 4. முதலில் கூரை வளைக்குக் கீழே உள்ளும் புறமும் முட்டுக் கொடுங்கள். முட்டு வெறும் நிலத்தில் நிற்கக் கூடாது, 2 அங்குலப் பலகைமேல் நிற்க வேண்டும். லின்ரல் (திறப்புக்கு மேலே பாரம் தாங்கும் குறுக்குப் பீம்) வரும் மட்டத்துக்கு ஓரடி மேலே 3 அடிக்கு ஒரு துளை போட்டுக் கனமான மரம் அல்லது இரும்பைச் சுவருக்கு ஊடாகச் செருகி, இரண்டு முனையையும் முட்டில் தாங்குங்கள். இப்போது மேற்சுவரின் பாரம் அந்த மரங்களில் இருக்கிறது. பிறகு லின்ரலுக்கான இடத்தை வெட்டுங்கள். சுவர் 18 அங்குலத் தடிப்பென்றால் முதலில் ஒரு பாதித் தடிப்பில் வெட்டி லின்ரல் போட்டு, ஏழு நாள் கழித்து மறுபாதி. இரண்டு பக்கமும் 9 அங்குலமாவது சுவரில் ஏறியிருக்க வேண்டும். கம்பி அளவைப் பொறியியலாளர் தருவார்.

லின்ரலுக்கும் மேற்சுவருக்கும் இடையே விரல் அகல இடைவெளி கட்டாயம் மிஞ்சும். அதை 1:2 சீமெந்து, மணல் சாந்தால் அடைக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் கசியக் கூடாது. அந்தப் பதத்தில் கட்டையால் இறுக இடித்து அடையுங்கள். தண்ணிச் சாந்தை ஊற்றி விட்டால் காய்ந்து சுருங்கும், முட்டுகளை எடுத்த அன்றே மேற்சுவர் அந்த இடைவெளி அளவுக்கு இறங்கும். யன்னல் மூலைப் படிவெடிப்பு அதனால் வருவது. பதினான்கு நாள் நனைத்துவிட்டுச் செருகிய மரத்தை எடுங்கள். அதன் பிறகே கீழ்ச்சுவரை மேலிருந்து கீழாகக் கட்டர் போட்டு, உளியால் எடுங்கள். இடி இயந்திரம் வேண்டாம். அதன் அதிர்வு பழைய சுண்ணாம்புச் சாந்தைப் பொடியாக்கும்.

10. பக்கக் கூரைக்கும் ஓடு போடலாமோ? பழைய கூரையோட எப்பிடிச் சேர்க்கிறது?

சேர்க்காதீர்கள். இரண்டு கூரையும் சந்திக்கும் உட்பீலிதான் ஒவ்வொரு கோயிலிலும் ஒழுகும் இடம். கணக்கைப் பாருங்கள்: இரு பக்கச் சரிவும் சேர்த்து 1800 சதுர அடி ஒரு பீலியில் விழுந்தால், மணிக்கு 150 மில்லிமீற்றர் வேகத்தில் கொட்டும் மழைக்குச் செக்கனுக்கு 7 லீற்றர் நீர் ஓட வேண்டும். வேப்பஞ்சருகு ஒரு கைப்பிடி அடைத்தால் அது முழுக்கச் சுவருக்குள் இறங்கும்.

விறாந்தைக் கூரையைப் பழைய கூரை விளிம்புக்கு ஓரடி கீழே தொடங்குங்கள். மேல்கூரை நீர் கீழ்க்கூரையில் விழுந்து வெளியே போகும், இடைவெளியால் உள்ளே இருக்கும் சூடும் வெளியேறும். உயரக் கணக்கில்தான் ஓடு அடிபடுகிறது. 10 அடி உயரத்தில் தொடங்கினால் ஓட்டுக்கு வேண்டிய சரிவில் 10 அடிக்கு 5 அடி இறங்கும். விளிம்பில் ஆளே நிமிர முடியாது. தகரச் சீற்றுக்கு 10 பாகை காணும், ஒன்றே முக்கால் அடிதான் இறங்கும், விளிம்பில் எட்டேகால் அடி மிஞ்சும். ஆகவே நடுவில் பழைய ஓடு, பக்கத்தில் சீற்.

காற்றையும் மறக்க வேண்டாம். 2020 மார்கழி 2இல் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையேதான் கரையேறியது. பக்கம் திறந்த விறாந்தைக்குள் காற்று புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும். வளையைத் தூணின் கம்பியோடு போல்ற்றால் பூட்டுங்கள். விளிம்பு வரிசையிலும் மேல் வரிசையிலும் சீற்றின் ஒவ்வொரு மேட்டிலும் றப்பர் வைத்த திருகாணி வேண்டும்.

11. பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றைச் சிரமதானமாக் கழட்டலாமோ?

வேண்டாம், ஊரார் கூடிச் செய்யும் வேலை அல்ல இது. தெரிந்த மூன்று நான்கு பேர் மட்டும் செய்யட்டும். முதலில் நீர் தெளித்து நனைத்து, போல்ற்றை வெட்டி, முழுச் சீற்றாகக் கயிற்றில் இறக்க வேண்டும். மேலிருந்து போடுவது, அரிவது, துளைப்பது எல்லாம் நாரைக் காற்றில் கலக்கும். சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. என் 95 வகையும் காணாது. பி 100 அல்லது எஃப்.எஃப்.பி. 3 வகை வேண்டும். உடைந்த துண்டுகளைத் தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்டி, எங்கே போடுவது என்று பிரதேச அல்லது நகர சபையிடம் கேளுங்கள். கோழிக்கூட்டுக்குக் கேட்பவர்களுக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிப் பெருக்க விடவே கூடாது.

12. கூரை மரத்தில கறையான். எல்லாத்தையும் மாத்தி இரும்பு போடுவமோ?

மாற்றமுதல் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த பனையையும் முதிரையையும் பாலையையும் கறையான் இலேசில் தின்னாது. கெடுவது பெரும்பாலும் சுவருக்குள் ஏறியிருக்கும் முனைதான், அங்கே ஈரம் நிற்பதால். திருப்புளியால் குத்தினால் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று தெரியும். கெட்ட முனையை வெட்டி, அதே இன மரத்தில் மூன்றடித் துண்டைச் சாய்வாகப் பொருத்தி நான்கு போல்ற் இறுக்கினால் இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். முனை சுவரோடு முட்டாமல் சுற்றி அரை அங்குலம் காற்று விடுங்கள்.

புதுத் தளம் போடமுதல் கிறவல்மேல் கறையான் மருந்து தெளிக்க வேண்டும். தளம் போட்ட பிறகு துளைத்து ஊற்றுவது பாதிப் பலன்தான். கழற்றிய முதிரை வளைகளை விறகு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். வாங்கும் கதவும் அதில் செய்யலாம்.

13. சுவரின்ர அடியில உப்புப் பூத்து வெள்ளை உதிருது. டைல்ஸ் ஒட்டி மறைக்கலாமோ?

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர் நிலத்தீரத்தை இழுத்து வெளியே ஆவியாக விடும். அதன்மேல் சீமெந்து பூசினாலோ டைல்ஸ் ஒட்டினாலோ ஈரம் போக வழியின்றி மேலே ஏறும். மூன்றடியில் இருந்த உப்பு ஆறடிக்கு வரும். முதலில் வெளியே பாருங்கள்: வருடக்கணக்காக முற்றத்தில் மண் போட்டுப் போட்டு, வெளிநிலம் உட்தளத்தைவிட உயர்ந்திருக்கும். அதை 6 அங்குலம் கீழே இறக்கி, நீர் ஓட வாய்க்கால் எடுங்கள். உள்ளே பூத்த இடத்துக்கு ஓரடி மேல்வரை சீமெந்துப் பூச்சைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கக் காய விடுங்கள். உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள், கழுவ வேண்டாம். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு ஆற்றுமணலில் பூசி, சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள். பிளாஸ்டிக் பெயின்ற் அடித்தால் பழையபடிதான்.

டைல்ஸ் முழுச்சுவருக்கும் ஒட்டினால் இன்னொரு தொல்லையும் உண்டு. குரல் எதிரொலித்து, பிரசங்கம் விளங்காமல் போகும். ஒலிபெருக்கியைக் கூட்டினால் எதிரொலியும் கூடும். பெரிய பெட்டி இரண்டைப் பீடத்தருகே வைப்பதைவிட, சிறிய பெட்டிகளைத் தூணுக்குத் தூண் 7 அடி உயரத்தில் சபையை நோக்கிச் சாய்த்து வைப்பது நல்லது.

14. எத்தனை பைக்கற் சீமெந்து, எவ்வளவு மணல் எண்டு எப்பிடிக் கணக்குப் பார்க்கிறது?

சீமெந்து, மணல், சல்லி 1:2:4 கலவையில் ஒரு கியூப், அதாவது 100 கன அடிக் கொங்கிறீற்றுக்கு 50 கிலோப் பைக்கற் 18, மணல் அரைக் கியூப்புக்குச் சற்றுக் குறைய, முக்கால் அங்குலச் சல்லி 0.9 கியூப். விறாந்தை இரண்டுக்கும் 960 சதுர அடி, 3 அங்குலத் தளம் என்றால் 240 கன அடி. 43 பைக்கற் வரும், சேதாரத்துக்கு இரண்டு கூட்டி 45. சுவருக்கு 100 சதுர அடிக்கு 6 அங்குலச் சீமெந்துக்கல் 115 முதல் 120. பைக்கற்றைத் தரையில் அடுக்காமல் பலகைமேல் அடுக்கி, முதலில் வந்ததை முதலில் எடுங்கள். மணலுக்கு அனுமதிப்பத்திரம் உள்ள ரிப்பரையே பிடியுங்கள். பத்திரமில்லாத லோட் பொலிஸில் நின்றால் கோயில் பெயரும் சேர்ந்து நிற்கும்.

கடற்கரைப் பங்குகளுக்கு ஒரு வார்த்தை. கடல் மணலும் உவர்க்கிணற்று நீரும் கலந்த கொங்கிறீற்றில் கம்பி சில வருடத்திலேயே கறள் பிடித்து ஊதி, தூணைப் பிளக்கும். ஆற்றுமணல், நன்னீர், கம்பிக்கு வெளியே 2 அங்குலக் கொங்கிறீற். அந்த 2 அங்குலம் தவறாமல் இருக்க, 2 அங்குலச் சாந்துக் கட்டைகளை முதலிலேயே வார்த்து ஒரு கிழமை நனைத்து வைத்துக் கம்பியில் கட்டுங்கள். கல்லும் விறகுத்துண்டும் செருகும் பழக்கம் கூடாது.

15. அத்திவாரம் வெட்டேக்கை செல்லோ மிதிவெடியோ வந்தால்?

மண்வெட்டியை அப்படியே விட்டுவிட்டு, வந்த அடியிலேயே திரும்பி எல்லோரும் விலகுங்கள். தூக்கி ஓரமாக வைப்பது, மண் போட்டு மூடுவது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். தூரத்தில் சிவப்புத் துணி கட்டி, ஆள் போகாமல் மறித்து, பொலிஸுக்கு 119இல் அறிவியுங்கள். செயலிழக்கச் செய்பவர்கள் வந்து எடுத்துப் போன பிறகும், மீதிக் குழியை வெட்டலாமா என்று அவர்களிடமே கேளுங்கள்.

தொடங்கமுதல் காணி கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட பகுதியா என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்து வையுங்கள். பற்றை வெட்டிக் குவித்து நெருப்பு வைப்பதைத்தான் பெரிதும் பயப்பட வேண்டும். நிலத்தின் மேற்படையில் கிடப்பது அந்தச் சூட்டில் வெடிக்கும்.

16. பீடத்தைப் பின்னுக்கு நகர்த்தினால் திரும்ப அபிஷேகம் செய்ய வேணுமோ?

நிலையான பீடம் என்றால் இது ஆயர் இல்லம் சொல்ல வேண்டிய விடயம், மேசனோ குழுவோ அல்ல. பெரும்பகுதி இடிந்தால் புனித இடம் நேர்ந்தளிப்பை இழக்கும் என்கிறது சட்டத்தின் 1212ஆம் இலக்கம். பீடத்துக்கும் அது பொருந்தும் என்கிறது 1238. பீடக்கல்லுக்குள் திருப்பண்டம் வைத்திருக்கலாம். ஆகவே உளி வைக்கமுதல் பங்குத்தந்தை நின்று திறந்து எடுக்கட்டும். பெருப்பிக்கும் இடத்தில் பழைய கல்லறை இருந்தாலும் அப்படித்தான்: குடும்பத்தாரும் பங்குத்தந்தையும் பிரதேச சபையும் இசைந்தால் ஒழிய அதற்கு மேலே தளம் போடாதீர்கள். விறாந்தையை அந்த இடத்தில் இரண்டடி ஒடுக்குவது பெரும்பாலும் இலகுவான வழி.

17. கனடாவில இருந்து காசு வருகுது. முழுக் கொன்ட்றாக்காக் குடுக்கிறதோ, கூலிக்குச் செய்யிறதோ?

பொருளைக் குழு வாங்கி, கூலியை மட்டும் அளவுக்குப் பேசுவது வன்னியில் மலிவு. ஆனால் நாள்தோறும் நின்று பார்க்க ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் முழுக் கொன்ட்றாக்கே நல்லது. எதுவானாலும் அளவுப் பட்டியல் எழுத்தில் இருக்க வேண்டும், காசு பங்கின் பெயரிலுள்ள கணக்குக்கே வர வேண்டும், இரண்டு ஒப்பம் இல்லாமல் எடுக்கக் கூடாது. திருத்த வேலையில் பூச்சை உடைத்த பிறகுதான் உள்ளிருப்பது தெரியும். மதிப்பீட்டில் நூற்றுக்கு 15 ஒதுக்கி வையுங்கள். கடைசிக் கொடுப்பனவில் நூற்றுக்கு 5ஐ ஒரு மாரி முடியும்வரை பிடித்து வைப்பதாக முதலிலேயே எழுதுங்கள், ஒழுக்கு மழையில்தான் தெரியும்.

காசு பாதியில் நின்றாலும் கோயில் கெடாதபடி கட்டங்களைப் பிரியுங்கள்: முதலில் கூரையும் நீர் வடிகாலும், பிறகு விறாந்தை, பிறகு தளமும் மின்சாரமும், மணிக்கூண்டும் முகப்பும் கடைசி. வெளிநாட்டு உறவுகளுக்குக் கூண்டின் படம்தான் பிடிக்கும். ஒழுகும் கூரையின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், விளங்கிக்கொள்வார்கள். சிரமதானத்துக்கு மண் நிரப்புதல், கல் சுமத்தல், நனைத்தல், வெள்ளையடித்தல் ஏற்றவை. கூரைமேலும் சுவர் வெட்டும் இடத்திலும் சிரமதானம் கூடாது.

18. செல் பட்ட சுவரை அப்பிடியே விட வேணும் எண்டு சில பேர், பூசிப்போட வேணும் எண்டு சில பேர். என்ன செய்யிறது?

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. அந்தச் சுவருக்குப் பக்கத்தில் உறவைப் பறிகொடுத்தவர்களிடம் முதலில் கேளுங்கள். வைப்பதென்று முடிவானால், பாரம் தாங்காத, மழை படாத ஓர் இடத்தை மட்டும் தெரிந்து மூன்றடிக்கு மூன்றடி விடுங்கள். தூணிலும் பீமிலும் உள்ள காயங்களை விட முடியாது. தெரியும் கம்பியைக் கறள் போகத் தேய்த்து, தளர்ந்த கொங்கிறீற்றை எடுத்து மூட வேண்டும். விடும் இடத்தில் ஆடும் கல்லைச் சுண்ணாம்புச் சாந்தால் பின்புறமிருந்து இறுக்குங்கள். உதிரும் ஓரங்களுக்குச் சுண்ணாம்புத் தெளிநீரை ஒரு கிழமைக்கு நாளுக்கு நாலு தரம் தெளியுங்கள். பெயின்றோ வார்னிஷோ அதன்மேல் வேண்டாம். சுற்றியுள்ள புதுப் பூச்சு அதற்கு அரை அங்குலம் முன்பாகவே நேர்கோட்டில் நிற்கட்டும், அடுத்த முறை வெள்ளையடிக்க வருபவர் தெரியாமல் சேர்த்து அடித்துவிடாதபடி.